யோகத்தின் தம்பிக்கு ஒரு பரிசோதனை

என் பெட்டியில் இரண்டு சேலைகள், இரண்டு கிலோ மணப்பாறை முறுக்கு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, எச்சில் துப்பி மூடும் பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு இருந்தன. கொழும்பு விமான நிலையத்துச் சுங்க அதிகாரி முறுக்கை விட்டுவிட்டுக் குழாய்களைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மச்சினனுக்குப் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்காக என்றேன். இருக்கிறதா என்று கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் போகிறேன் என்றேன். குழாய்களைத் துணிகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியைத் தானே மூடிக் கொடுத்தார்.

என் மனைவி யோகேஸ்வரி என்ற யோகம் மட்டக்களப்புக்காரி. பதினெட்டு வயதில் அகதியாகத் திருச்சிக்கு வந்தாள். எங்கள் தெரு முனையிலிருந்த பாலர் பள்ளியில் வேலை பார்த்தாள். அங்கேதான் பழக்கம். இருபத்தாறு வருடம் ஒன்றாக இருந்தோம், பிள்ளைகள் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் பித்தப்பைக் கல்லை எடுக்கும் சின்ன அறுவைக்காக மேசையில் படுத்தவள் எழுந்து வரவில்லை. மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் யாரும் எதிர்பாராத உயரத்துக்கு ஏறி, இதயம் நின்றுவிட்டது. பிறகு பார்த்தபோது, வலது சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. எத்தனையோ வருடமாக அது அட்ரினலினை அவள் இரத்தத்தில் அள்ளிக் கொட்டியிருக்கிறது.

இதில் நான் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்க்கிறவன். கேட்டகோலமைன்கள் என்று சொல்லப்படும் டோபமின், நார்அட்ரினலின், அட்ரினலின் மூன்றையும், அவை சிதைந்து வெளியேறும் பொருள்களையும் அளப்பது என் மேசை வேலை. இதே கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஊர் ஊராக வரும் சிறுநீர் மாதிரிகளை அளந்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போவேன். வீட்டில் யோகம் குனிந்து வாளியைத் தூக்கியவள், முகம் வெளுத்து, வியர்வை கொட்ட, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாள். தண்ணீர் கொடுப்பேன். "ஊர் ஞாபகம்தான். இங்கே யாரும் வரமாட்டாங்க" என்பேன். "நான் ஒண்டும் நினைக்கல்லையே" என்பாள். பல தடவை சொல்லியிருக்கிறாள்.

இந்த வருடம் ஓர் ஆராய்ச்சிக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. மெழுகில் பதித்து வைத்திருந்த கட்டித் துண்டை அவர்களுக்குக் கொடுக்க நான் கையெழுத்திட்டிருந்தேன். இந்தக் கட்டிகளில் கணிசமானவை குடும்ப வழியில் வருகிறவை என்று இப்போது தெரியவந்திருக்கிறது. எந்தெந்த மரபணுவில் பிழை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யோகத்திடம் இருந்தது அப்படிப்பட்ட ஒன்று. கூடப்பிறந்தவருக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்குக் கூடப்பிறந்தவர் ஒருவர்தான், ஐந்து வயது இளையவரான பாக்கியராசா.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தடவையாவது ஊருக்குப் போய் வரலாம் என்று யோகம் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். லீவு இல்லை என்பேன். இப்போது பத்து நாள் லீவு ஒரே கையெழுத்தில் கிடைத்தது.

மட்டக்களப்பு பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓட்டமாவடி நெல் வியாபாரி ஒருவர், ஹனீபா என்று பெயர். முன் இருக்கையில் ஒரு சிங்களத் தாய் பிள்ளையிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். "நித்திரை கொண்டா யானை காட்டமாட்டாவாம்" என்று ஹனீபா எனக்கு மொழிபெயர்த்தார். பிள்ளையும் கண்ணை விரித்துக்கொண்டே இருந்தது. யானை வரவில்லை.

நண்பகலில் ஓட்டமாவடியை நெருங்கும்போது பின் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பஸ்ஸில் நாற்பது வயதைத் தாண்டிய அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள். இளையவர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஹனீபாவும் குனிந்தவர்தான். நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சண்டை முடிஞ்சிட்டெண்டு உடம்புக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லல்ல தம்பி" என்றார். டயர் மாற்றும் வரை எங்கள் நான்கைந்து பேரைத் தெரிந்த கடைக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணியும் சுடச்சுட ரோல்ஸும் வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போன என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

களுதாவளையில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் வெள்ளை மணலில் வெற்றிலைத் தோட்டங்கள். பாக்கியராசாவின் மனைவி வசந்தியும் மகள் துளசியும் பிள்ளையார் கோயில் சந்தியில் காத்திருந்தார்கள். அது வசந்தியின் வீடு. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், கல்யாணம் முடிந்தால் ஆண் அங்கே போய் வாழ்வார். எங்கள் ஊரில் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். யோகம் கடலே தாண்டி வந்தவள்.

பாக்கியராசா அங்கே இல்லை. வாவிக்கு அப்பால் மண்டூர்ப் பக்கம், அவருக்கும் யோகத்துக்கும் அப்பா விட்டுப்போன வயலில் அறுவடை, இயந்திரம் வரவில்லை என்று தங்கிவிட்டாராம். நான் வருவது தெரிந்துமா என்று மனதில் பட்டது. கேட்கவில்லை. மறுநாள் காலை, குருமண்வெளிக்குப் போய்ப் பாதையில் ஏறினால் அக்கரையில் அவர் நிற்பார் என்று வசந்தி சொன்னாள். ஓட்டோக்காரர் என்னைத் தண்ணீர் ஓரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தார். பாதை எங்கே என்றேன். "இதுதானே பாதை" என்று வாவியைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. அவருக்கும் என் குழப்பம் புரியவில்லை. பிறகுதான் எதிர்ப்பக்கமிருந்து ஓர் இரும்பு மேடை மிதந்து வந்தது. அதன் மேல் எட்டு மோட்டார் சைக்கிள்கள், நான்கு ஆசிரியைகள், ஓர் ஆடு. அந்த மிதவைக்குத்தான் அங்கே பாதை என்று பெயர்.

அக்கரையில் கூட்டத்தை விட்டுத் தள்ளி, தண்ணீரிலிருந்து நன்றாக விலகி ஒருவர் நின்றிருந்தார். யாரும் காட்டித் தரத் தேவைப்படவில்லை, யோகத்தின் காதுகள். "வாங்க அத்தான்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

வயலை அங்கே வட்டை என்கிறார்கள். வட்டையின் ஓரத்தில் ஒரு மருத மரத்தைக் காட்டி, அப்பா விழுந்த இடம் இதுதான் என்றார். நாற்பத்து நான்கு வயதில், வரப்பு வெட்டக் குனிந்தவர் அப்படியே விழுந்திருக்கிறார். பாம்பு என்றார்கள் சிலர், நெஞ்சு என்றார்கள் சிலர். உடம்பில் கடிவாய் இல்லை. குனிந்தவர் என்ற சொல்லைக் கேட்டதும் யோகம் வாளிக்குக் குனிந்தது நினைவுக்கு வந்தது. மரத்தடியிலேயே உட்கார்ந்து கொண்டுவந்த செய்தியைச் சொன்னேன். யோகத்துக்கு இருந்த கட்டி, அது குடும்பத்தில் வரும் விதம், அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம் என்பது, அவரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது.

அவர் நெடுநேரம் நெல்தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் ஒரு வருத்தம் இருக்கு அத்தான்" என்றார். அங்கே வருத்தம் என்றால் நோய். எனக்கு அந்தச் சொல் இரண்டு விதமாகவும் கேட்டது.

திடீரென்று நெஞ்சு அடிக்குமாம், வியர்க்குமாம், கை பதறுமாம், தலை வெடிப்பதுபோல் இருக்குமாம். பன்னிரண்டு வயதிலிருந்து இருக்கிறதாம். அதனால்தான் வாவியில் மீனுக்குப் போவதை விட்டு வெற்றிலைக்கு வந்தாராம். ஊரில் அவரை வெருளி என்கிறார்களாம், பயந்தவன். தான் நேற்றே வராதது அறுவடை இயந்திரத்தால் அல்ல, பாதையில் திரும்ப ஏறத் துணிவு வராததால் என்றார். இன்றைக்கு நான் கூட இருந்தால் ஏறிவிடலாம் என்றார். திரும்பும்போது நடுவிலிருந்த கம்பியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கரை தட்டும் வரை நின்றார். பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் அவரைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை விறாந்தையில் துளசிக்கு ஒரு தாளில் எல்லாவற்றையும் வரைந்து காட்டினேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. உயிரியல் படித்தவள், பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறாள். சாப்பாட்டிலிருந்து வரும் ஒரு பொருளைப் படிப்படியாக மாற்றி உடம்பு முதலில் டோபமினைச் செய்கிறது, அதிலிருந்து நார்அட்ரினலினை, அதிலிருந்து அட்ரினலினை. மூளைத்தண்டில் நீல நிறம் படிந்த ஒரு சின்ன இடம் இருக்கிறது. அது நார்அட்ரினலினை மூளை முழுக்க அனுப்பி, விழித்துக்கொள், கவனி என்கிறது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி அட்ரினலினை உடம்புக்கு அனுப்பி, ஓடு என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு உண்டு. இரத்தத்தில் ஓடும் அட்ரினலின் மூளைக்குள் எளிதில் நுழையாது. அதனால் கட்டி உள்ளவருக்கு உடம்பு மட்டும் பயப்படும், மனதில் ஒன்றும் இருக்காது. ஆனால் மனம் சும்மா இருக்காது. நெஞ்சு இப்படி அடிக்கிறதே, எதற்கு என்று தேடி, கிடைத்த காரணத்தை எடுத்து மாட்டிக்கொள்ளும்.

"எங்கட ஊரில காரணத்துக்குப் பஞ்சமில்லையே மாமா" என்றாள் துளசி. பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தன் பங்கு எவ்வளவு என்று கேட்டாள். அப்பாவுக்கு இருந்தால் பாதி, இப்போதைக்குக் கால் என்றேன். அவள் தாளில் அதை எழுதவில்லை. மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டுக் கட்டுப்பாடு தொடங்கியது. சோதனைக்கு முன் வாழைப்பழம், கோப்பி, தேத்தண்ணி, சொக்லேட் கூடாது, கணக்கைக் குழப்பிவிடும். பாக்கும் நரம்புகளைத் தூண்டும், அதனால் அதுவும் கூடாது. வெற்றிலை பயிரிடுகிறவரை மூன்று நாள் வெற்றிலை போடக் கூடாது என்றேன். அங்கே காலையில் பிட்டு, அதன் மேல் கட்டியான எருமைத் தயிர், கூட வாழைப்பழம். பழத்தை எடுத்துவிட்டால் பிட்டு தொண்டையில் நிற்கிறது. அதற்காக வசந்தி கூனியைச் சுண்டி வைத்தாள். கூனி என்பது வாவியில் அரிக்கும் மிகச் சின்ன இறால். தேங்காய்ப் பூவோடு வறுத்தது. பாக்கியராசா ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டார். அவருக்குத் துணையாக நானும் தேத்தண்ணியை விட்டேன். மூன்றாம் நாள் எனக்குத்தான் தலை வலித்தது.

யோகம் திருச்சியில் கூனி கேட்பாள். காவிரிக் கரையில் எங்கே போவது என்று நான் சிரிப்பேன். அதன் ருசி இப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் சிறுநீர் சேர்க்கும் நாள். காலையில் முதல் தடவை போவதை விட்டுவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை வரை ஒரு துளி விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். வசந்தி மீன் வாடியில் ஐஸ் வாங்கி, ரெஜிபோம் என்கிற தெர்மோகோல் பெட்டியில் கேனை வைத்தாள். பாக்கியராசா கூச்சத்தில் பெட்டியின் மேல் தான் கட்டும் பழைய சாரம் ஒன்றைப் போட்டு மூடினார்.

காலை பதினொரு மணிக்குப் பக்கத்து வளவில் கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையை வரவேற்று வெடி கொளுத்தினார்கள். நான் தோட்டத்தில் அவரோடு நின்றிருந்தேன். முதல் வெடிக்கே அவர் கையிலிருந்த வெற்றிலைக் கட்டு விழுந்தது. கொடிகளுக்கு நடுவில் குந்திவிட்டார். முகம் சாம்பல். நெற்றியிலிருந்து வியர்வை மணலில் சொட்டியது. நான் கருவியை எடுத்து ஓடிவந்து கையில் கட்டினேன். அழுத்தம் நூற்று அறுபத்தெட்டு, நாடி நூற்று இருபத்து நான்கு. இருபது நிமிடத்தில் எல்லாம் இறங்கியது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த உணர்ச்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம். யோகம் சுவரில் சாய்ந்து நின்ற அதே முகம், அதே வியர்வை. இது கட்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன். கட்டி என்றால் கண்டுபிடிக்கலாம், மருந்து கொடுத்து அழுத்தத்தை அடக்கி, தெரிந்துகொண்டே அறுவை செய்யலாம். யோகத்துக்குச் செய்யாததை இவருக்குச் செய்யலாம். சோதனை முடியும் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியது என் தொழில் ஒழுக்கம். மூடவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, இது உங்கள் பயமே இல்லை, ஒரு கட்டி செய்கிற வேலை, வெட்டி எடுத்தால் போய்விடும் என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வெட்டினா இது போயிருமா?" என்று கேட்டார். போய்விடும் என்றேன். மாலையில் வசந்தி குளித்துவிட்டுப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கப் போனாள். அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புப் பட்டணத்துக்கு பஸ் ஏறினோம். மீன் பெட்டிகளுக்கு நடுவில் எங்கள் பெட்டியையும் கண்டக்டர் அடுக்கிவிட்டார். கல்லாற்றுப் பக்கமிருந்து அதே பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு மனிதர், என்ன மீன் என்று விசாரித்தார். மீன் இல்லை என்றார் பாக்கியராசா. அப்ப நண்டா என்றார் அவர். மூடியைத் திறக்கப் போனவரின் கையை நான் பிடிக்க வேண்டியதாயிற்று. ஆரையம்பதி வரை எங்களைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். பாக்கியராசா சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பட்டணத்தில் மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்பும் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடம். அங்கே பொறுப்பிலிருந்தவர் மெரில் என்ற பறங்கியப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். வீட்டில் பழைய போர்த்துக்கேயச் சொற்கள் கலந்து பேசுவார்களாம், என்னோடு அழகான மட்டக்களப்புத் தமிழில் பேசினார். கேனைப் பார்த்ததும், முழு அளவும் இருக்கிறதா, எத்தனை மணிக்குத் தொடங்கியது, அமிலம் சேர்த்தீர்களா என்று சரியான கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டார். அட்ரினலினை நேராக அளப்பதைவிட அது சிதைந்து வரும் மெட்டநெஃப்ரினை அளப்பதே நம்பகமானது, அதைக் குளிராக வைத்திருந்தால் அமிலம் இல்லாமலும் தாங்கும் என்று நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம். ஊருக்குப் போன இடத்தில் உறவுக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

சீட்டில் என்ன எழுதுவது என்று கேட்டவரிடம் யோகத்தின் கதையைச் சொன்னேன், நான் செய்யும் வேலையையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். "இஞ்ச வாற ஆக்களில எத்தன பேருக்கு அப்பிடி இருந்ததோ தெரியா. நெஞ்சடிக்குதெண்டு வந்தா, சுனாமியா, சண்டையா எண்டுதான் கேக்கிறம். ஆரைக் கேட்டாலும் ஒண்டு வச்சிருப்பாங்க. மறுகா ஆர் கட்டியத் தேடுறது?" என்றார்.

இரண்டு குழாய்களில் ஒன்றில் பாக்கியராசா துப்பினார். அதை நான் திருச்சிக்குக் கொண்டுபோய் அந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மற்றது துளசிக்கு என்று வைத்திருந்தேன். அப்பாவுடையது வந்த பிறகு பார்க்கலாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

காத்திருந்த நாட்களில் ஒருநாள், உன்னிச்சைக் குளத்துப் பக்கம் காணி வைத்திருக்கும் வசந்தியின் அண்ணன் அனுப்பிய தயிர்ச் சட்டிகள் வந்தன. பாக்கியராசா தோட்டத்தில் புதிதாக வரிசை போட்டார். அறுவைக்கு இந்தியா வர வேண்டியிருக்குமா, எத்தனை நாள் படுக்க வேண்டும், பிறகு வாவிக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டார். மண்டூரில் கிடந்த பழைய தோணியைப் பார்க்க ஆள் அனுப்பினார். வசந்தி என்னை ஒருமுறை சமையலறை வாசலில் நிறுத்தி, "அண்ணன், இவர் இப்பிடிக் கதைச்சு நான் கேட்டதில்ல" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை மெரில் போன் செய்தார். நானும் பாக்கியராசாவும் போனோம். உறையை என் கையில் கொடுத்தார். நின்றபடியே படித்தேன். எல்லா எண்களும் சாதாரண அளவுக்குள். ஓரத்தில்கூட இல்லை, நடுவில். மொத்த அளவைப் பார்த்தேன். சேகரிப்பு முழுமையா என்று காட்டும் கிரியேட்டினினைப் பார்த்தேன். எல்லாம் சரி. அதே கேனுக்குள்தான் அந்த வெடிச் சத்தத்து இருபது நிமிடமும் இருந்தது. கட்டி இருந்திருந்தால் அன்றைய கணக்கு எகிறியிருக்கும். "நல்ல செய்திதானே" என்றார் மெரில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நல்ல செய்திதான் என்றேன்.

கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் வாவியைப் பார்த்துப் போட்டிருந்த சிமெந்து இருக்கையில் உட்கார்ந்தோம். கட்டி இல்லை என்று சொன்னேன். அவருக்கு உடனே புரியவில்லை.

"அப்ப வெட்டுறதுக்கு ஒண்டுமில்லையா?"

இல்லை என்றேன். மரபணுச் சோதனை இன்னும் வர வேண்டும், ஆனால் இந்தப் பதற்றம் கட்டியால் வருவதல்ல.

அவர் தலையை ஆட்டினார். தண்ணீரில் ஒருவர் வீச்சு வலையை இழுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே, "அப்ப இது என்ட பயம்தான்" என்றார்.

நோய் இல்லை என்று கேட்டு ஒரு மனிதர் அப்படி உடைந்ததை என் முப்பது வருட வேலையில் நான் பார்த்ததில்லை. என் மாதிரிகளுக்கு முகம் கிடையாது. பழைய பயம் மூளையில் எப்படித் தங்கிவிடுகிறது, அந்த நீல இடம் சின்னச் சத்தத்துக்கும் ஏன் மணி அடிக்கிறது என்றெல்லாம் ஆராய்கிறார்கள், நார்அட்ரினலினின் கையைக் கட்டும் பழைய இரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்குக் கேட்கின்றன, சிலருக்குக் கேட்கவில்லை, அதற்கும் வைத்தியர்கள் இருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றெல்லாம் சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நான்கு நாளுக்கு முன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்ன வாயும் இதே வாய்தான். அவசரப்பட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

பிறகு யோகத்தைப் பற்றிச் சொன்னேன். வந்த நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்தது. அவளுக்கு நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் நான் சொன்னது. அவள் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொன்னதும் நான் நம்பாததும். நீங்கள் இரண்டு பேரும் இராணுவச் சுற்றிவளைப்பின்போது நாள் முழுக்க வாவிக்குள் ஒளிந்திருந்ததை அவள் ஒரே ஒருமுறை இரண்டு வரியில் சொல்லியிருக்கிறாள், அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அவளுடைய இருபது வருட நோயை நானே விளக்கிவிட்டேன், ஒரு கேனை வீட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றவில்லை என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்காவுக்கு அண்டைக்குப் பயமே இல்ல அத்தான்" என்றார்.

மெதுவாகச் சொன்னார். விடிந்ததும் ஊரைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். அக்கா அவரை இழுத்துக்கொண்டு கண்டல் மரங்களுக்குள் இறங்கியிருக்கிறாள். கழுத்தளவுத் தண்ணீர். அவருக்கு உயரம் போதாததால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வெயில் தாழும் வரை நின்றிருக்கிறாள். கரையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இளைஞர்களைக் கொண்டுபோகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பையனின் குரலும் அதில் இருந்தது. அவன் பிறகு வரவேயில்லை.

"நான் பதறிப் பதறித் தண்ணி ஆடுது. ஆடினாக் கண்டுபிடிச்சிருவாங்க. அக்கா என்ட தலைய அவட நெஞ்சில அமத்தி வச்சா. ஒரு காதில தண்ணி, ஒரு காதில அவட நெஞ்சு. நாள் முழுக்க நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன். ஆறுதலா, மெதுவாத்தான் அடிச்சது. அதைக் கேட்டுத்தான் என்ட நடுக்கம் நிண்டது."

பாலத்தின் மேல் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் சாரத்தின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தார். பஸ் வரும் வரை என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்.

ஆறு வாரம் கழித்துத் திருச்சியில் எனக்கு மரபணு முடிவு வந்தது. அன்றே கூப்பிட்டேன். துளசிதான் எடுத்தாள். அப்பாவுக்கு அந்தப் பிழை இல்லை, அதனால் உனக்கும் இல்லை, இனிச் சோதிக்கவே வேண்டாம் என்றேன். அவள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அவள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அப்பா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பட்டணத்தில் மனநல கிளினிக்குக்குப் போகிறார், தானே கூட்டிப்போவதாகவும் முதல் நாள் வாசலில் திரும்பிவிடப் பார்த்ததாகவும் சொன்னாள். பிறகு போனை அவரிடம் கொடுத்தாள்.

அவருக்கும் அதையே சொன்னேன். பிள்ளைக்கு இல்லையே, பிள்ளைக்கு இல்லையே என்று இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார். வசந்தியைக் கூப்பிட்டுச் சொன்னார். அங்கே ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம்.

"அத்தான், அப்ப அது அக்காக்கு மட்டும்தான் வந்ததா?"

"ஆமா" என்றேன்.

"தனியத்தான் வச்சிருந்திருக்கா" என்றார் அவர்.